மூன்று பட்டங்களுக்கும் ஒரே வினாத்தாளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்த நாளிலிருந்து கல்லூரிச் சேர்க்கை பற்றித் தங்கள் நாளிதழில் நாள் தவறாமல் செய்திகள் வருகின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்குக் கட்-ஆஃப் எவ்வளவு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, கட்டணம் எவ்வளவு என்பனவெல்லாம் பெற்றோருக்குப் பயன்படும் செய்திகளே. ஆனால், மூன்றாண்டு படித்து இளநிலைப் பட்டம் வாங்குகிறவருக்கு எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் ஈராண்டு படித்தவருக்குக் கூடுதலாக எது கைவந்திருக்க வேண்டும், முனைவர் பட்டம் பெற்றவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து, வினாத்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்தி, பாடத்திட்டக் குழுக்களிலும் அமர்ந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இதில் நான் குறையாகச் சொல்லப்போகும் காரியங்கள் பலவற்றில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு மாணவி பி.எஸ்சி. வேதியியல் மூன்றாமாண்டு படிக்கிறார். அவருடைய அண்ணன் வேறொரு கல்லூரியில் அதே பாடத்தில் எம்.எஸ்சி. படிக்கிறார். சென்ற மாதம் அந்தப் பெண் இருவருடைய பாடத்திட்டங்களையும் என் மேசையில் அருகருகே விரித்து, தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, "சார், இதுல எது பி.எஸ்சி., எது எம்.எஸ்சி.ன்னு சொல்லுங்க" என்றார். இரண்டிலும் பகுப்பாய்வு வேதியியல் தாளுக்கு மேலே 'கற்றல் விளைவுகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் ஐந்து வரிகள். முதல் வரியில் ஒரு பாடத்திட்டம், மாணவர் தரம்பார்த்தலின் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவிடும் டைட்ரேஷன் முறையின்) தத்துவத்தை 'விளக்குவர்' என்றது. மற்றொன்று 'பகுத்தாய்வர்' என்றது. மற்ற நான்கு வரிகளிலும் இதே கதைதான். வினைச்சொல்லைத் தவிர வேற்றுமை இல்லை. பகுத்தாய்வதுதான் மேல்படிப்பாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். தவறு. விளக்குவதுதான் எம்.எஸ்சி.யாம்.

இந்த வினைச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொன்னால் வேடிக்கை இன்னும் விளங்கும். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956இல் அறிவுசார் கல்வி நோக்கங்களை ஆறு படிகளாக வகைப்படுத்தியது. 2001இல் திருத்தப்பட்ட வடிவத்தில் அவை நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என்று அமைந்தன. இன்று நம் பாடத்திட்டங்களில் கே1 முதல் கே6 வரை குறிக்கப்படுவன இவையே. புளூமின் குழுவினர் கல்லூரித் தேர்வாளர்கள். ஒருவர் கேட்கும் வினாவும் இன்னொருவர் கேட்கும் வினாவும் மாணவரிடம் எதைச் சோதிக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அந்தப் படிவரிசையை அவர்கள் வகுத்தார்கள். தேர்வுக்காகப் பிறந்த அளவுகோலை நாம் பாடத்திட்டத்தின் முகப்பில் ஒட்டிவைத்துவிட்டு, தேர்வுக்கு மட்டும் அதை எடுத்துச் செல்ல மறந்துவிட்டோம்.

எப்படி ஒட்டினோம் என்பதற்கு நானே சாட்சி. நான் பங்கேற்ற பாடத்திட்டக் குழு ஒன்றில் தரமதிப்பீட்டுக் குழுவின் வருகைக்குச் சில நாள்களே இருந்தன. ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து விளைவுகள், அவற்றைப் பட்டப்படிப்பின் பொது விளைவுகளோடு பொருத்திக்காட்டும் அட்டவணை, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பொருத்தம் எவ்வளவு வலுவானது என்று காட்ட 1, 2, 3 என்று ஓர் எண் என எல்லாம் வேண்டியிருந்தன. மாலை நான்கு மணிக்குத் தேநீரோடு உட்கார்ந்தோம்; ஏழு மணிக்குள் நாற்பது தாள்கள் முடிந்தன. எந்தக் கட்டத்தில் 3 போடுவது, எதில் 2 போடுவது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே விதி, எல்லாக் கட்டங்களிலும் 3 போட்டால் சந்தேகம் வரும் என்பதுதான். பொறியியலில் இந்த முறை இன்னும் முற்றியிருக்கிறது. தேசிய அங்கீகார வாரியம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பாகி, இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு கிடைக்க வழி செய்தது நல்ல காரியம். ஆனால் அங்கும் விளைவு எட்டப்பட்டதா என்பதை எக்செல் தாள் சொல்கிறதேயொழிய மாணவர் சொல்வதில்லை.

நாட்டளவில் சட்டகம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வெளியிட்ட தேசிய உயர்கல்வித் தகுதிச் சட்டகம், கல்லூரி முதலாமாண்டுச் சான்றிதழை 4.5 என்ற நிலையில் தொடங்கி, மூன்றாண்டு இளநிலையை 5.5, நான்காண்டு ஆனர்ஸை 6, ஈராண்டு முதுநிலையை 6.5, முனைவர் பட்டத்தை 8 என்று வரிசைப்படுத்துகிறது. இந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது எல்லாரும் அறிந்ததே. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எந்தக் கொள்கை வந்தாலும் 5.5க்கும் 6.5க்கும் இடையிலான அந்த ஓர் எண் என்ன என்று மாணவருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் இதைச் சொல்லிப் பார்த்தன. தங்கள் பட்டங்களை ஒப்பிடக்கூடியவையாக ஆக்க 1999இல் 29 நாடுகள் கையெழுத்திட்ட போலோனியா பிரகடனத்தைத் தொடர்ந்து வந்த டப்ளின் விவரிப்புகள் அறிவு, அதன் பயன்பாடு, தீர்ப்பு வழங்கும் திறன், எடுத்துரைக்கும் திறன், தானே கற்கும் திறன் என்ற ஐந்தையும் மூன்று பட்டங்களுக்கும் தனித்தனியே விவரிக்கின்றன. அவற்றில் என்னை நிறுத்திப் படிக்கவைத்தது தீர்ப்பு வழங்கும் திறன் பற்றிய பகுதி. இளநிலைப் பட்டதாரி தன் துறைக்குரிய தரவுகளைத் திரட்டிப் பொருள் காண வல்லவராக இருக்க வேண்டும். முதுநிலைப் பட்டதாரியோ, தகவல் முழுமையாகக் கையில் இல்லாதபோதும் ஒரு முடிவுக்கு வர வல்லவராக இருக்க வேண்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் எடுக்கும் முடிவுகளில் முக்கால்வாசி அப்படிப்பட்டவைதாமே! இதைப் படித்த அன்று, முப்பது ஆண்டுகளில் என் எம்.எஸ்சி. மாணவர்களுக்குத் தகவல் குறைவான ஒரு வினாவையேனும் கொடுத்திருக்கிறேனா என்று யோசித்தேன். கொடுத்ததில்லை. தகவல் விடுபட்ட வினா என்றால் எங்கள் ஊரில் அச்சுப்பிழை என்று பொருள். எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவோம்.

மூன்று பட்டங்களுக்கும் இடையிலான வேற்றுமை பாடத்தின் அளவில் இல்லை என்பதே நான் சொல்ல வந்தது. வினாவும் வழிமுறையும் கையில் கொடுக்கப்பட்டு, அதைப் பிழையின்றிச் செய்து, ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்லத் தெரிவது ஒரு நிலை. வினா மட்டும் கொடுக்கப்பட்டு வழிமுறையைத் தானே தேர்ந்துகொள்வது அடுத்த நிலை. வினாவையே தேடிக் கண்டுபிடித்து, அது கேட்கத் தகுந்த வினாதான் என்று நிறுவுவது மூன்றாம் நிலை. சென்னைவாசிகள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்காட்டுகிறேன்: நம் வீட்டு போர்வெல் தண்ணீர்.

நீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலால் தரம்பார்ப்பது எல்லா பி.எஸ்சி. வேதியியல் ஆய்வகங்களிலும் உள்ள சோதனை. கூம்புக்குடுவையில் நீரை அளந்து ஊற்றி, தாங்கல் கரைசல் சேர்த்து, பி.எச். என்னும் அமில-கார அளவை 10இல் வைத்து, எரியோகுரோம் பிளாக்-டி நிறங்காட்டியைச் சிட்டிகை அளவு இட்டால் குடுவை ஒயின் சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து ஈடிடிஏ சொட்டச் சொட்ட, கடைசிச் சிவப்பும் போய் நீலமாகும். இதை ஒத்த அளவீடுகள் கிடைக்கும்வரை செய்வது கை வேலை. பி.எச். ஏன் 10 ஆக இருக்க வேண்டும், குறைந்தால் என்ன ஆகும், கூடினால் என்ன ஆகும் என்று சொல்வது மூளை வேலை. கிடைத்த எண்ணை இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் வரையறையோடு, அதாவது லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை என்பதோடு ஒப்பிட்டு, அடுக்ககச் செயலாளருக்குப் புரியும் தமிழில் சொல்வது மூன்றாவது வேலை. இம்மூன்றும் சேர்ந்ததே இளநிலை. நான் மேலே சொன்ன மாணவி எங்கள் குடியிருப்புத் தண்ணீரை இப்படிச் சோதித்து, அரைப்பக்கத்தில் எழுதி மோட்டார் அறைக் கதவில் ஒட்டினார். "அப்ப இதைக் குடிக்கலாமாம்மா?" என்று செயலாளர் கேட்டதற்கு, "நான் பார்த்தது கடினத்தன்மை மட்டும்தான் அங்கிள், குடிக்கலாமா வேண்டாமான்னு சொல்ல இன்னும் நிறைய டெஸ்ட் வேணும்" என்றார். தன் அளவீடு எதுவரை பேசும், எங்கே பேசாது என்று தெரிந்த பட்டதாரி அவர். எந்தத் தாளின் எந்தக் கட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது என்று தேடினேன், இல்லை.

இதே தண்ணீரை முதுநிலை மாணவரிடம் கொடுக்கும்போது செய்முறையைக் கொடுக்கக் கூடாது. 'திருவான்மியூரில் கடலோரத் தெரு ஒன்றில் போர்வெல் தண்ணீர் கரிக்கத் தொடங்கியிருக்கிறது என்கிறார்கள். உண்மையா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்பதே அவருக்கான வினா. கடினத்தன்மையை அளப்பதா, குளோரைடை அளப்பதா, மின்கடத்துதிறனே போதுமா. எத்தனை கிணறுகள், எந்த ஆழத்தில். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பா, பின்பா, இரண்டுமா. பழைய அளவீடுகள் கிடைத்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பனவற்றையெல்லாம் அவரே முடிவு செய்ய வேண்டும். சிலர் வீட்டில் நீர் எடுக்க விடமாட்டார்கள். சில கிணறுகளின் ஆழம் உரிமையாளருக்கே தெரியாது. தகவல் முழுமையாக இல்லாத நிலையில் ஒரு முடிவைச் சொல்லி, அதை எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்கிறார் என்பதையும் எழுத வேண்டும்.

முனைவர் பட்டம் என்பது இன்னும் ஐம்பது கிணறுகள் அல்ல. கட்டடங்கள் எல்லாவற்றிலும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் கடலோர நிலத்தடி நீரின் உவர்ப்பு குறைந்ததா, அல்லது நல்ல மழை பெய்த ஆண்டுகளின் பலனை நாம் தொட்டிகளின் கணக்கில் எழுதிக்கொள்கிறோமா? இரண்டையும் பிரித்துக் காட்ட முடியுமா? எந்தத் தரவு கிடைத்தால் என் கருத்து தவறு என்று நானே ஒப்புக்கொள்வேன்? இப்படி ஒரு வினாவை எழுப்பி, அதை மற்றவர் ஏற்கெனவே விடுவித்துவிடவில்லை என்று காட்டி, பொது வாய்மொழித் தேர்வில் நின்று காப்பாற்ற வல்லவரே முனைவர். நெறியாளர் கொடுத்த தலைப்பில், நெறியாளர் சொன்ன முறையில், மூன்று மாதிரிக்குப் பதில் முப்பது மாதிரி பார்த்த ஆய்வேடுகளையும் நான் தேர்வாளனாகப் படித்திருக்கிறேன். அவை உழைப்பில் குறைந்தவை அல்ல. தடிமனான முதுநிலைத் திட்டப்பணிகள், அவ்வளவே.

இங்கே எம்.பில். பற்றி ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட விதிமுறைகளோடு எம்.பில். படிப்பு நிறுத்தப்பட்டது. சென்னைக் கல்லூரிகளில் என் தலைமுறை ஆசிரியர்கள் பலருக்கு அதுதான் ஏணியின் நடுப்படி. முதன்முதலாக ஒரு ஆய்வேட்டை முழுதாக எழுதிப் பழகியது அங்கேதான். அதன் தரம் பற்றிய குறைகள் உண்மையானவை. ஆனால் படியை எடுத்தவர்கள், அந்தப் படியில் கற்பிக்கப்பட்டதை எம்.எஸ்சி.யின் இறுதிப் பருவத்துக்கு இறக்கிவைக்க வேண்டும் அல்லவா? பல இடங்களில் முதுநிலைத் திட்டப்பணி இன்னும் நால்வர் சேர்ந்து ஒன்று செய்வதாகவும், ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்தால் மதிப்பெண் வருவதாகவுமே இருக்கிறது.

இனித் தேர்வுக்கு வருகிறேன். நோயின் வேர் அங்கேதான். இங்கு பரவலாக உள்ள முறையில் அகமதிப்பீட்டுக்கு 25 போக எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பத்து மதிப்பெண் வினாக்கள் மூன்று. முதுநிலைக்கும் ஏறக்குறைய இதே சட்டைதான். பழைய வினாத்தாள்களின் தொகுப்பைத் திருவல்லிக்கேணியிலோ கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையிலோ வாங்கி ஒரு வாரம் புரட்டுகிறவர் தேறிவிடுவார் என்பது மாணவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பாடத்திட்டத்தில் கே5, கே6 என்று எழுதிவிட்டு வினாத்தாளில் 'சிறுகுறிப்பு வரைக' என்று கேட்டால், மாணவர் எதை நம்புவார்? வினாத்தாளைத்தான் நம்புவார், அவர் செய்வது சரியே.

ஒரு விடைத்தாளை என்னால் மறக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருத்தும் முகாமில் எனக்கு வந்தது. நீரின் கடினத்தன்மையை அளக்கும் முறையை விவரி என்ற பத்து மதிப்பெண் வினாவுக்கு, அந்த மாணவர் செய்முறையை அரைப்பக்கத்தில் முடித்துவிட்டு, தன் வீட்டுத் தண்ணீரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சோதித்தபோது நிறம் தெளிவாக நீலமாகவில்லை என்றும், பாத்திரத்தில் பிடித்துவைத்தால் பழுப்பாகப் படியும் அந்த நீரில் இரும்பு இருப்பதால் நிறங்காட்டி கெட்டிருக்கலாம் என்று நினைத்ததாகவும், காற்றோட்டமாக ஒரு நாள் வைத்திருந்து வடிகட்டிச் செய்தபோது முடிவுநிலை சரியாக வந்ததாகவும் மீதி ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தார். வேதியியல் முழுவதும் சரி. விடைக்குறிப்பில் வரையறைக்கு 2, தத்துவத்துக்கு 3, செய்முறைக்கு 3, கணக்கீட்டுக்கு 2 என்று இருந்தது, இரும்புக்கு இடமில்லை. நான் எட்டுப் போட்டேன். தலைமைத் தேர்வாளர் என்னை அழைத்து, குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் கொடுத்தால் மறுமதிப்பீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். அடித்து ஐந்து என்று திருத்தினேன். பாடத்திட்டம் கேட்பதாகச் சொல்லும் எல்லாப் படிகளையும் ஏறியிருந்த அந்த மாணவருக்கு என் கையாலேயே பாதி மதிப்பெண்தான் போனது.

எடுத்துரைக்கும் திறன் வெளிநாட்டுச் சரக்கல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிரியர் சொல்வதை முழுதும் உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால் பங்கு, மீதி அரைப்பங்கு பிறருக்கு விரித்துரைப்பதால்தான் என்று நன்னூல் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த அரைப்பங்குக்கு நம் பட்டங்களில் எத்தனை மதிப்பெண்? அரசுக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள்; அவர்கள் எதைக் கற்றுமுடிக்க வேண்டும் என்ற வாசகங்களே பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன.

ஒரே அறையில் அறுபது எழுபது பேரை வைத்துக்கொண்டு, பாதி இடங்களில் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்பு நடத்தும் கல்லூரிகளில் இதெல்லாம் நடக்குமா என்று என் பழைய நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் விளைவுகளை மட்டும் கேட்பது அடுப்பில்லாமல் சமைக்கச் சொல்வதுதான். ஆனாலும் பணச்செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. வினாத்தாள் ஒவ்வொன்றிலும் வகுப்பில் நடத்தாத, தொகுப்பில் இல்லாத, தரவைக் கொடுத்துப் பொருள்காணச் சொல்லும் பத்து மதிப்பெண் வினா ஒன்றைக் கட்டாயமாக்கலாம். விடைக்குறிப்பில் 'குறிப்பில் இல்லாத சரியான விளக்கம்' என்று ஒரு வரியைச் சேர்த்துத் திருத்துபவருக்குத் துணிவு தரலாம். முதுநிலைத் திட்டப்பணியை ஒருவருக்கு ஒன்று என்று ஆக்கலாம். முனைவர் ஆய்வேட்டோடு தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் கேட்கலாம். ஐந்து வரிக் கட்டங்களை எடுத்துவிட்டு, இந்தப் பட்டம் பெற்றவர் எதைத் தனியாகச் செய்வார் என்று பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் தமிழில் ஒரு பத்தி எழுதலாம். அந்தப் பத்தியைத் துறை ஆசிரியர்கள் கூடி எழுத வேண்டும், தேநீருக்கும் ஏழு மணிக்கும் நடுவில் அல்ல.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சேர்க்கைப் பருவத்தில் கட்-ஆஃப் பட்டியலுக்குப் பக்கத்தில், சென்னைக் கல்லூரிகள் சிலவற்றின் இறுதியாண்டு வினாத்தாள்களையும், அதே பாடங்களின் கற்றல் விளைவுகளையும் அருகருகே அச்சிடுங்கள். எங்கள் தெரு மாணவி எம்.எஸ்சி.க்கு எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கல்லூரிகளின் இணையதளங்களில் கட்டடங்களின் படங்கள் இருக்கின்றன, தரமதிப்பெண் இருக்கிறது, பட்டமளிப்பு விழாப் படங்களும் இருக்கின்றன. சென்ற ஆண்டு இறுதித் தேர்வில் என்ன கேட்டார்கள் என்பதற்கு நான் இன்னும் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை.